விழுப்புரத்தில் மாறினால் பிரான்ஸ்!

வ.புதுப்பட்டியில் என் பெரியம்மா ஒருநாள் ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ரயிலில் உட்கார்ந்து பிரான்ஸைச் சுற்றுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டம், ஊருக்கு ஒரு மாதா கோயில், ஆற்றுப் பாலம்... அவசரமே இல்லை. தோன்றிய ஊரில் இறங்குகிறார்கள், காபி குடிக்கிறார்கள், அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள்.

‘‘கல்யாணமாகி நாப்பத்திரண்டு வருஷத்துல நம்மள எங்க கூட்டிட்டுப் போயிருக்காக? மிஞ்சிப்போனா சதுரகிரி!’’ என்று பெரியம்மா அலுத்துக்கொள்ள, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பெரியப்பா சொன்னாராம்: ‘‘பிரான்ஸுதானே? போலாமே. விழுப்புரத்துல மாறணும், அவ்வளவுதான்!’’

பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். விளையாட்டாகக்கூட தப்பான தகவல் சொல்ல மாட்டார். மறு வாரமே இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார்கள். கையில் பால்கோவா. துணைக்கு நான், சென்னையிலிருந்து போய் விழுப்புரத்தில் காத்திருந்தேன். விடியாத நேரம், பிளாட்பாரத்தில் டீ, பக்கத்திலேயே புதுச்சேரி பாசஞ்சர். டிக்கெட்டுக்கு ஆன செலவு, ஆளுக்கு ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான்.

நீங்களும் ஒருமுறை இந்த ரயிலில் போய்ப் பாருங்கள். நாற்பது கிலோ மீட்டர்கூட இல்லை. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி. அரைத் தூக்கத்தில் கடந்துவிடலாம். ஆனால் இந்தத் துண்டு ரயில் பாதைக்குள் இருக்கும் கதை, தூங்க விடாத கதை.

கதை நெப்போலியன் தோற்ற இடத்தில் ஆரம்பிக்கிறது. 1814-ல் பாரிஸில் ஒப்பந்தம் போடுகிறார்கள். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கியதில் ஐந்து துண்டுகளை மட்டும் திருப்பித் தருகிறது இங்கிலாந்து. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர். அதற்கும் நிபந்தனை. கோட்டை கட்டக் கூடாது. போலீஸ் வேலைக்கு மேல் படை வைக்கக் கூடாது. அதாவது, கடை போட்டு வியாபாரம் மட்டும் பண்ணிக்கொள்ளலாம்!

வியாபாரத்திலும் கை வைத்தார்கள். 1815-ல் இன்னொரு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதியில் உள்ளூர்த் தேவைக்குப் போக மிஞ்சும் உப்பை இங்கிலீஷ்காரனுக்கு மட்டும்தான் விற்க வேண்டும். அதற்காக வருடா வருடம் 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவார்கள். மூன்றே வருடத்தில், ‘உப்பளமே வேண்டாம், இழுத்து மூடு’ என்றாகி, உப்பள முதலாளிகளுக்கு நஷ்டஈடாக வருடத்துக்கு 4,000 நட்சத்திர வராகன். நான் பி.காம். படித்தவன். உற்பத்தி செய்யாமல் இருப்பதற்காக வருஷா வருஷம் வரும் பணத்தைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெரியப்பாவிடம் கேட்டேன். ‘‘இதர வரவு!’’ என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

உப்பு போனால் என்ன, துணி இருந்தது. அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி. ‘கினே’ என்று அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். புதுச்சேரிப் பக்கத்துத் தறிகளில் நெய்து, இங்கேயே சாயமேற்றி, கப்பலில் பிரான்ஸ் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போகும். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியைக் கொடுத்து வேலம் பிசின் வாங்குவார்கள். ஒரு கட்டத்தில் அங்கே இந்தத் துணிதான் பணம்! இன்ன பொருளுக்கு இத்தனை துண்டு நீலத் துணி என்று விலை பேசினார்கள். நம் ஊர் சாயக்காரர் கை நீலம், எங்கேயோ பாலைவனத்து ஓரத்தில் நோட்டாகப் புழங்கியிருக்கிறது.

அடுத்து வந்தது வேர்க்கடலை. எங்கள் ஊரில் கடலை என்போம். விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. ‘மணிலாக்கொட்டை’ தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கடலை தேவைப்பட்டது. தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்தது மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக் கடற்கரைக்கு வந்தது. மாட்டு வண்டி எத்தனை மூட்டையைத்தான் இழுக்கும்?

அந்த நேரம் பார்த்து, சென்னையிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை 1877 வாக்கில் விழுப்புரத்தைத் தொட்டது. பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1878-ல் இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்தன. 1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் விட்டாயிற்று. பிரெஞ்சு மண்ணில் கிடந்த ஏழெட்டு மைல் பாதை ‘புதுச்சேரி ரயில்வே கம்பெனி’க்குச் சொந்தம். ஆனால் ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பின்னால், 1898 மார்ச்சில், பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு இதே மாதிரி ஒரு கிளைப் பாதை போட்டார்கள். அங்கேயும் அதே கதைதான். தண்டவாளம் பிரெஞ்சு, இன்ஜின் இங்கிலீஷ், வேர்வை தமிழ்!

சின்னபாபுசமுத்திரம் தாண்டியதும் பெரியம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, ‘‘பிரான்ஸு வந்துருச்சா?’’ என்றார். எப்படிச் சொல்வது? அதே நெல் வயல், அதே கரும்பு, அதே சுவர் விளம்பரம். எல்லை என்று ஒரு கோடு இங்கே நேராக ஓடவே ஓடாது. புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலம் இல்லை. துண்டு துண்டாக, நடு நடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள். ரோட்டில் போனால் பத்து நிமிடத்தில் ராஜ்யம் மாறும், மறுபடி மாறும். இன்றைக்குப் பெட்ரோல் பங்க்கையும் ஒயின் ஷாப் கூட்டத்தையும் பார்த்துத்தான் எந்த மாநிலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். (பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்பதைப் பெரியம்மா சார்பில் பதிவு செய்கிறேன்.)

வில்லியனூரில் இறங்கிவிட்டோம். டி.வி. தம்பதி மாதிரி, தோன்றிய ஊரில் இறங்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்டளை. அங்கே லூர்து மாதா கோயில் இருக்கிறது. பிரான்ஸில் லூர்து என்ற மலை ஊரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858-ல். அதற்குப் பத்தொன்பதே வருடத்தில், ரயில் வருவதற்கும் முன்னால், இங்கே கோயில் எழும்பிவிட்டது. சிலை பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது. கோயிலுக்கு எதிரே படித்துறையோடு குளம். ‘‘மாதா கோயிலுக்குத் தெப்பக்குளமா!’’ என்று பெரியம்மா அதிசயப்பட்டார். ஆண்டாள் ஊர்க்காரர், குளமில்லாமல் கோயிலை நினைத்துப் பார்க்க முடியாதவர்.

அதே ஊரில் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் இன்னொரு வேடிக்கை. பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். வெள்ளைக்கார கவர்னர் சிவன் கோயில் தேரை இழுத்த காட்சி எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சரக்குக் கணக்கு. இனிமேல்தான் ஆள் கணக்கு.

1908-ல் சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகை மீது அரசாங்கத்தின் கை விழுந்தது. சட்டப்படி ஆசிரியர் என்று பெயர் போட்டிருந்தவரைப் பிடித்தார்கள். அடுத்து யார் என்பது எல்லோருக்கும் தெரியும். 25 வயது சுப்பிரமணிய பாரதி புதுச்சேரிக்குக் கிளம்பினார். சில வாரங்களில் பத்திரிகையும் அங்கே போய்ச் சேர்ந்தது. மல்லாட்டைக்காகப் போட்ட பாதை, தேடப்படும் மனிதர்களுக்கான பாதையாக மாறிவிட்டது. எல்லையைத் தாண்டிவிட்டால் இங்கிலீஷ் போலீஸ் கைது செய்ய முடியாது. 1910 ஏப்ரலில் அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அதே வருடம் வ.வே.சு. ஐயரும் வந்தார்.

எங்கள் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அந்த திருநெல்வேலிக்கு கலெக்டராக இருந்தவர் ராபர்ட் வில்லியம் ஆஷ். 1911 ஜூன் 17, காலை நேரம். ஆஷும் அவர் மனைவி மேரியும் குழந்தைகளைப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் போகிறார்கள். மணியாச்சி ஜங்ஷனில், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயில் இணைப்புக்காக முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரமில்லாத ஒரு தம்பதியின் ரயில் பயணம்தான் அதுவும். செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். பிறகு ஓடிப்போய் ஸ்டேஷன் கழிப்பறையில் தன்னையும் சுட்டுக்கொண்டார். புனலூரில் காட்டிலாகா வேலையிலிருந்த வாஞ்சி, சில மாதம் முன்பு புதுச்சேரி போய் ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார் என்பது வழக்கில் சொல்லப்பட்டது.

அதோடு புதுச்சேரியின் நிம்மதி போயிற்று. பிரிட்டிஷ் ஒற்றர்கள் ஊருக்குள்ளேயே வந்து தங்கிக் கண்காணித்தார்கள். பிரெஞ்சு அரசும் நெருக்கடிக்குப் பணிந்து ஒரு சட்டம் போட்டது. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். இல்லையென்றால் நடையைக் கட்டு! அன்னிய மண்ணில், அதுவும் போலீஸ் தேடும் ஆட்களுக்காக, எந்தப் பெரிய மனிதர் கையெழுத்துப் போடுவார்? கலவை சங்கர செட்டியார் போட்டார். மற்றவர்களிடமும் வாங்கித் தந்தார். அந்த ஐந்து கையெழுத்து இல்லாவிட்டால் ‘பாஞ்சாலி சபத’மும் ‘குயில் பாட்டு’ம் என்ன ஆகியிருக்கும், சொல்லுங்கள்!

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டைக் காட்டினேன். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: ‘‘பத்து வருஷமா? ஒரு தடவகூட ஊருக்குப் போகலையா?’’

போக முடியவில்லை. ரயில் தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் ஏறி விழுப்புரத்தில் மாறினால், எட்டயபுரத்துக்கும் செல்லம்மாவின் கடையத்துக்கும் போகிற வழிதான். ஆனால் எல்லையில் கைவிலங்கு காத்திருந்தது. 1918 நவம்பர் 20 அன்று, ஆனது ஆகட்டும் என்று பாரதி வெளியே வந்தார். கடலூர் அருகே பிடித்துக்கொண்டார்கள். மூன்று வார ஜெயில். டிசம்பர் 14-ல் விடுதலை, திருநெல்வேலி ஜில்லாவுக்குள்தான் இருக்க வேண்டும் போன்ற கட்டுப்பாடுகளோடு. அதற்குப் பிறகுதான் கடையத்துக்குப் பயணம். 25 வயதில் உள்ளே போனவர் வெளியே வரும்போது 36-ஐத் தொட்டுக்கொண்டிருந்தார்.

வில்லியனூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்த நாங்கள், புதுச்சேரி ஸ்டேஷனைத் தனியாகப் போய்ப் பார்த்தோம். கடல் காற்று வரும். ஸ்டேஷனை ஒட்டிய சாலையிலேயே 1907-ல் கட்டிய இருதய ஆண்டவர் கோயில். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் சிவப்பும் நீலமுமாகத் தரையில் விழுகிறது. சாலையின் பெயர் சுப்பையா சாலை. இந்தப் பெயரில்தான் பெரியப்பா பிடித்துக்கொண்டார். ‘‘மில் சங்கத்து சுப்பையாதானே?’’

அவரேதான். புதுச்சேரியில் சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பெரிய மில்கள் இருந்தன. 1936 ஜூலை 30-ல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். அடுத்த வருடமே எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. அந்தப் போராட்டத்தை நடத்திய வ.சுப்பையா பிறகு பிரெஞ்சு ஆட்சியை வெளியேற்றும் போராட்டத்திலும் முன்னால் நின்றார். ரோடியர்தான் பின்னாளில் ஏ.எஃப்.டி. மில். அது 2020-ல் மூடப்பட்டது. பெரியப்பா மில் வாசலில் ரொம்ப நேரம் நின்றார். சங்கு இல்லை, ஷிஃப்ட் இல்லை. ‘‘எத்தன ஸ்பிண்டில் ஓடிருக்கும்’’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை.

இந்தியா 1947-ல் சுதந்திரம் அடைந்தபோது புதுச்சேரி அடையவில்லை. 1941-ல் போட்டிருந்த சுங்கக் கூட்டு 1949-ல் முறிந்தது. அதுவரை சும்மா கிடந்த எல்லைக்கு உயிர் வந்துவிட்டது. செக் போஸ்ட், சோதனை, அந்தப் பக்கம் மலிவாக வந்திறங்கிய வெளிநாட்டு வாட்ச்சையும் தங்கத்தையும் இந்தப் பக்கம் கடத்தும் கூட்டம்... கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் கிராமத்தில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான்.

அந்தத் தேதியில்தான் இன்னொரு கதை இருக்கிறது. சாயங்காலம் கடற்கரையில், போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த புதுச்சேரிக்காரர்களுக்காக எழுப்பியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவரோடு பெரியப்பா பேச்சுக் கொடுத்தார். பால்கோவா கைமாறியது. அவர் சொன்னார்: ‘‘எங்க அண்ணன் சொல்தா. நான் சும்மா!’’

‘சொல்தா’ என்றால் பிரெஞ்சில் சிப்பாய். புதுச்சேரித் தமிழில், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். 1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி, மத வழக்கச் சட்டங்களைக் கைவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தால், பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். சேரிகளிலிருந்தும் மாதா கோயில் தெருக்களிலிருந்தும் பலர் எழுதிக்கொடுத்தார்கள். பெயரோடு ஒரு பிரெஞ்சுப் பெயர் சேர்ந்தது. சைகோனில் வேலை கிடைத்தது. தன் தெருவில் தலைநிமிர முடியாதவர் வியட்நாமில் அதிகாரியானார். வெள்ளைக்காரன் ஆட்சியைப் பற்றி நாம் எவ்வளவோ சொல்லலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

1962-ல் மறுபடி ஒரு தாள். இங்கே பிறந்து இங்கே வாழ்கிறவர்கள் இந்தியர்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். கேள்விப்படாதவர்கள், நம்பாதவர்கள், ‘சொந்த மண்ணில் இருந்துகொண்டு எதற்கு’ என்று கோபப்பட்டவர்கள், பிரான்ஸ் போய்விடச் சொல்வார்களோ என்று பயந்தவர்கள்... பெரும்பாலானோர் எழுதித் தரவில்லை. தந்தது சில ஆயிரம் பேர்தான்.

‘‘எங்கப்பா ரெண்டு பேரையும் அழச்சிகிட்டுப் போனாரு. அண்ணன் போட்டான். எனக்கு அப்ப ஒரு கோவம், இந்தியா இந்தியான்னு... போடலை’’ என்றார் பெரியவர். ‘‘அண்ணன் புள்ளைங்க பாரிஸ்ல. எம் புள்ளைங்க முத்தியால்பேட்டைல. வருஷா வருஷம் வருவான். வந்தா இந்தக் கல்லுலதான் ரெண்டு பேரும் உக்காருவோம்.’’

கணக்குப்பிள்ளை புத்தி போகுமா? பெரியப்பா கேட்டார்: ‘‘ஆறு மாசம் கழிச்சுப் போயி, நானும் போடுறேன்னு சொல்லியிருக்கலாமே?’’

‘‘கதவைச் சாத்திட்டாங்க சார்.’’

பிறகு பிரெஞ்சு ஓட்டலில் காபி சாப்பிட்டோம். பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ‘‘கசக்கு.’’

மறுநாள் காரைக்கால். ரயிலிலேயே போகலாம் என்று ஆசைதான். 1898-ல் போட்ட பேரளம் பாதையை 1980-களில் மூடிவிட்டார்கள். நாகூர் பக்கமிருந்து 2011-ல் காரைக்காலுக்கு ரயில் வந்ததென்றாலும் அது சுற்று வழி. பஸ்ஸில் போனோம். பெரியம்மாவுக்குக் காரைக்கால் அம்மையார் கோயில் போதும். எனக்கு அந்த ஆற்று முகம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. புதுச்சேரியிலிருந்தும் இந்தக் காரைக்காலிலிருந்தும்தான் கரும்புத் தோட்ட வேலைக்கென்று ஆயிரக்கணக்கான தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி அனுப்பினார்கள். ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. ஐந்து வருட ஒப்பந்தம் என்றார்கள். முடிந்ததும் திரும்பி வர டிக்கெட் உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். பலர் திரும்பவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே மாரியம்மனுக்குக் கும்பிடு போடுகிறார்கள், தமிழ் தெரியாமலே.

திரும்பும்போது பேரளம் வழியாகத்தான் வந்தோம். ஒரு காலத்தில் இங்கிருந்து திருநள்ளாறுக்கு, காரைக்காலுக்கு ரயில் போனது என்று பெரியப்பா சொன்னதைப் பெரியம்மா நம்பவில்லை. பாதை இருந்ததற்கு அடையாளமாக ஒரு மேடு மட்டும் தெரிந்தது.

அந்தப் பாதையை இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டு, 2025-ல் சோதனை ஓட்டமும் நடத்திவிட்டார்கள். செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றைக்கே வ.புதுப்பட்டியிலிருந்து போன் வந்தது. பெரியப்பா இல்லை, பெரியம்மா.

‘‘ஏப்பா, இந்தத் தடவ பேரளத்துலதானே மாறணும்?’’